மறைவிடத்து அரிப்பு: காரணம் அறிந்து மருந்திடுவோம்

நம் வியாபாரச் சகோதரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேசாத சங்கதி இல்லை. கடை வாடகை, சரக்கு விலை, வெள்ளியின் மதிப்பு, பிள்ளைகளின் படிப்பு, ஊரில் கட்டும் வீடு, இவற்றோடு முழங்கால் வலி, இரத்தக் கொதிப்பு, மூலம் வரை எல்லாவற்றையும் தாராளமாகப் பேசுகிறோம். ஆயினும் ஒரு தொல்லையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தொடை இடுக்கிலும், விரைப்பையிலும், ஆண்குறியிலும் உண்டாகும் அரிப்பும் எரிச்சலுமே அது. கல்லாவில் உட்கார்ந்தபடி நெளிவதும், வாடிக்கையாளர் போனபின் சரக்கறைக்குள் சென்று சொறிவதும், இரவில் உறக்கம் கெடுவதும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அப்படி அனுபவித்தவர்கள் சிலரல்லர், பலர்.

ஆகவே இம்முறை நமது சுகாதாரப் பாடத்தை இவ்விஷயத்திற்கே ஒதுக்கியுள்ளோம். படிக்கச் சிலருக்குக் கூச்சமாயிருக்கலாம். எழுதும் நமக்கும் அது இல்லாமலில்லை. ஆனால் கூச்சத்தை முன்னிட்டு மறைத்த நோய், பங்காளிக்குச் சொல்லாமல் மறைத்த கடனைப் போன்றது. பேசாமலிருக்கும் ஒவ்வொரு நாளும் அது வளர்கிறது.

ஓர் உதாரணம்

ஐம்பது வயதான ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தொடை இடுக்கில் அரிப்பு கண்டது. மருந்துக் கடைக்குப் போனார். உண்மையான இடத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. "கால்விரலில் சேற்றுப்புண்" என்று சொல்லி ஒரு டியூப் களிம்பு வாங்கி வந்தார். மூன்று நாளில் அரிப்பு அடங்கிற்று, தடவுவதை நிறுத்தினார். பத்து நாளில் முன்னிலும் அகலமாக வந்தது. ஊருக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் வேறொரு டியூப் கொண்டுவந்து கொடுத்தார். தடவியவுடன் சுகம், விட்டவுடன் தொல்லை. இப்படியே எட்டு மாதம் கழிந்தது. தோல் மெலிந்து, சிவந்து, கோடு கோடாக விரிந்தபின்தான் டாக்டரிடம் போனார்.

டாக்டர் அவ்விடத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால்விரல் இடுக்குகளையும் பார்த்தார். கைவிரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தத்தில் சர்க்கரையும் பார்த்தார். மருந்துக் கடையில் பொய்யாகச் சொன்ன சேற்றுப்புண் மெய்யாகவே விரலிடுக்கில் இருந்தது. இரத்தச் சர்க்கரை 16 மில்லிமோல் காட்டியது. அவருக்கு இருந்த தொல்லை ஒன்றல்ல, மூன்று: காலிலிருந்து அரைக்கு ஏறிய படை, களிம்பினால் கெட்ட தோல், இரண்டிற்கும் இடங்கொடுத்த இனிப்பு நீர். எட்டு மாதமாகத் தடவிய டியூப்களில் எதுவும் இவற்றுள் ஒன்றைக்கூட அவருக்குச் சொல்லவில்லை.

அரிப்பு நோயின் பெயரன்று

முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது இதுவே. அரிப்பு ஓர் அறிகுறி, நோய் வேறு. இரவில் கல்லாக் கணக்குப் பார்க்கையில் நூறு வெள்ளி குறைகிறது என்றால் காரணம் பலவாக இருக்கலாம். சில்லறை தவறிக் கொடுத்திருக்கலாம், பற்று எழுத மறந்திருக்கலாம், யாரோ எடுத்திருக்கலாம். காரணத்தைத் தேடாமல் நம் சட்டைப் பையிலிருந்து நூறு வெள்ளியைப் போட்டுக் கணக்கைச் சரிசெய்தால் அன்றைய கணக்கு நேராகும், ஓட்டை அடைபடாது. காரணம் தெரியாமல் களிம்பு தடவுவதும் அவ்வாறே.

இரண்டாவதாக, "நமக்குச் சுன்னத்து ஆகியிருக்கிறது, இதெல்லாம் வராது" என்று எண்ணுவோர் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. முன்தோலுக்கு அடியில் அழுக்கும் ஈரமும் தங்கி, ஆண்குறியின் முனை சிவந்து வீங்கும் அழற்சி, சுன்னத்துச் செய்தவர்களுக்கு மிகக் குறைவு. தென் ஆப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்து 2005-லும் 2007-லும் வெளியான ஆராய்ச்சிகளில், பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது சுன்னத்தினால் ஏறக்குறைய 60 சதவிகிதம் குறைவதும் தெரியவந்தது. ஆனால் குறைவது வேறு, வராமலிருப்பது வேறு. வெட்டை நோயை அது தடுப்பதில்லை. தொடை இடுக்குப் படைக்கும், சொறிக்கும், ஒவ்வாமைக்கும் முன்தோலோடு சம்பந்தமே இல்லை.

காரணங்களை வகைப்படுத்துவோம்

முதற் காரணம்: வியர்வையும் படையும். நம் நாட்டு வெப்பமும் ஈரக் காற்றும் யாவரும் அறிந்தவை. காலை எட்டு மணிக்கு இறுக்கமான கால்சட்டை அணிந்து, ரெக்சின் நாற்காலியில் அமர்ந்து, இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும் ஒருவரின் தொடை இடுக்கு நாள் முழுதும் ஈரத்திலேயே இருக்கிறது. அங்கே பூஞ்சக்காளான் செழித்து வளர்ந்து படர்தாமரையாகிறது. வளையம் போன்ற சிவந்த விளிம்பு, நடுவில் சற்றுத் தெளிந்த தோல், ஓரத்தில் செதில், இவை அதன் அடையாளங்கள். பெரும்பாலும் தொடையில் படரும், விரைப்பையை விட்டுவிடும். பல சமயங்களில் இது கால்விரல் சேற்றுப்புண்ணிலிருந்து வருகிறது. உள்ளாடையைக் காலில் நுழைக்கும்போது கிருமியும் கூடவே மேலேறுகிறது.

படை போலவே தோன்றி அரிப்புக் குறைவாக உள்ள பழுப்பு நிறத் திட்டு ஒன்று உண்டு. அது காளானால் வருவதன்று. வேறொரு நுண்கிருமியால் வருவது. டாக்டர் ஒரு விசேஷ விளக்கை இருட்டில் அதன்மேல் பிடித்தால் பவள நிறமாக ஒளிரும். படை மருந்துகளில் சில அதற்கும் கேட்கும், சில கேட்கா. ஆதலால் கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

இரண்டாவது காரணம்: இனிப்பு நீர் என்னும் நீரிழிவு. இதை நாம் தனியாக அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோல் அளவைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து வைக்க முடியாமல் மூத்திரத்தில் விடுகிறது. அந்த இனிப்பு கேண்டிடா என்னும் ஒருவகைக் காளானுக்கு நல்ல உணவு. ஆண்குறி முனையில் சிவப்பு, சிறு சிறு கொப்புளங்கள், வெண்மையான படலம், எரிச்சல் இவை தோன்றும். சிலருக்கு நீரிழிவு இருப்பது முதன்முதலில் வெளிப்படுவதே இவ்விதமாகத்தான்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. இந்தியர்களிடையே இது மற்ற இனத்தவர்களைவிட அதிகம் என்பதும் இரகசியமன்று. ஆகையால் காரணம் புரியாமல் திரும்பத் திரும்ப வரும் மறைவிடத்து அரிப்பு ஒவ்வொன்றுக்கும் சர்க்கரை பார்ப்பது கட்டாயம் என்றே கொள்ளவேண்டும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து உண்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சர்க்கரையை மூத்திரத்தின் வழியே வெளியேற்றுவதனாலேயே வேலை செய்கின்றன. இருதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் அவை நன்மை செய்பவை. ஆனால் சிலருக்கு மேற்சொன்ன காளான் தொற்றை உண்டாக்கும். அப்படி நேர்ந்தால் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். இத்தொற்று எளிதில் குணமாகக் கூடியதே.

மூன்றாவது காரணம்: சொறி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. இரவில் அரிப்பு அதிகம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களிலும் இருக்கும். ஆண்குறியிலும் விரைப்பையிலும் கடினமான சிறு முடிச்சுகள் தோன்றினால் பெரும்பாலும் இதுவே. கடை மாடியில் ஆறு பேர், எட்டு பேர் ஒரே அறையில் படுத்து, பாயையும் போர்வையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடங்களில் இது ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் பரவுகிறது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 2 முதல் 6 வாரம் வரை ஆகும். ஆகவே இன்று அரிப்பு இல்லாத பக்கத்துப் படுக்கைக்காரருக்குள்ளும் உண்ணி இருக்கலாம்.

நான்காவது காரணம்: நாமே உண்டாக்கிக்கொள்வது. இது வேடிக்கையான சங்கதி. ஆனால் மிகச் சாதாரணமாக நடப்பது. அரிப்பு வந்தால் "கிருமியைக் கொல்வோம்" என்று கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கழுவுவார்கள். தைலம் பூசுவார்கள். வாசனைப் பவுடர் கொட்டுவார்கள். எலுமிச்சை, உப்பு, வேப்பிலை அரைப்பு என்று ஒவ்வொன்றாகப் பரீட்சை செய்வார்கள். அவ்விடத்துத் தோலோ மிக மெல்லியது. வெந்து, உரிந்து, முன்னிலும் அதிகம் அரிக்கும். சாப்பாட்டுக் கடைச் சகோதரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: மிளகாய் அரைத்த கையோடு, மிளகாய் அரிந்த கையோடு கழிப்பறைக்குச் செல்வது. மூத்திரம் போனபின் கை கழுவும் நாம், போவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் இந்த எரிச்சல் தீர்ந்தது.

நீரால் சுத்தம் செய்வது நமது மார்க்கம் நமக்குப் பழக்கிய நல்ல வழக்கம். ஆனால் அதற்கு நீர் போதும். ஒவ்வொரு முறையும் சோப்பு தேவையில்லை. கிருமிநாசினி ஒருபோதும் தேவையில்லை. கழுவியபின் ஈரத்தை ஒற்றி எடுக்காமல் அப்படியே ஆடையை இழுத்துவிடுவதுதான் நம்மிடையே உள்ள பெருங்குறை. நாளைக்குப் பல தடவை கழுவி, பல தடவை ஈரத்தோடு மூடினால் படைக்கு நாமே பாத்தி கட்டுகிறோம்.

ஐந்தாவது காரணம்: உட்கொண்ட மாத்திரை. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரை தின்ற சில மணி நேரத்தில், ஆண்குறி முனையிலோ உதட்டிலோ வட்டமாகச் சிவந்து, எரிந்து, கொப்புளித்து, பிறகு கறுப்புத் தழும்பாக நிற்கும். மறுமுறை அதே மாத்திரை தின்றால் அதே இடத்தில் மீண்டும் வரும். டெட்ராசைக்ளின், கோட்ரைமாக்சசோல் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளும், சில வலி மாத்திரைகளும் இதற்குப் பேர்போனவை. இதைப் பாலுறவு நோய் என்று எண்ணி வீட்டில் சந்தேகமும் சண்டையும் வருவதுண்டு. குற்றவாளி மாத்திரையாயிருக்க, பழி மனிதன் மேல் விழுகிறது.

ஆறாவது காரணம்: பாலுறவினால் தொற்றும் நோய்கள். இதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மூத்திரம் போகையில் எரிச்சலும், துவாரத்தில் சீழும் காணப்பட்டால் வெட்டை நோயாக இருக்கலாம். தொற்றிய சில நாளிலேயே தெரியும். கிளமிடியா என்னும் தொற்று மெதுவாக, ஒன்று முதல் மூன்று வாரத்தில், சிறிது கசிவோடு வரும். பலருக்கு அடையாளமே இராது. கொத்துக் கொத்தாக வலியுள்ள கொப்புளங்கள் வந்து உடைந்தால் அது அக்கி வகை. வலியே இல்லாத கடினமான ஒற்றைப் புண் வந்தால் அது கிரந்தியாக இருக்கலாம். இப்புண் சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் ஆறாது, இரத்தத்தில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். மறைவிட மயிரில் பேன் பற்றுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இவற்றுக்கெல்லாம் மருத்துவம் உண்டு. வெட்டை, கிளமிடியா, கிரந்தி மூன்றும் முறையான சிகிச்சையால் முற்றும் குணமாகக் கூடியவை. ஆனால் முன்பு யாருக்கோ கொடுத்த மாத்திரையில் மீந்ததைத் தின்பது கூடாது. வெட்டை நோய்க் கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்கு அசையாததாகிவிட்டது. மனைவியும் பரிசோதிக்கப்படவேண்டும். தாம் மட்டும் இரகசியமாக மருந்துண்டு மனைவியை நோயோடு விடுவது பெரும் அநியாயம். கிளமிடியாவைக் கவனிக்காது விட்டால் பெண்களுக்கு மலடு உண்டாகவும் கூடும்.

இவை தவிர, தோல் தடிக்கும்வரை சொறிந்து சொறிந்து அதுவே பழக்கமாகிவிடும் ஒருவகைக் கரப்பான், சொரியாசிஸ், மூத்திரப் பாதைத் தொற்று, கல்லடைப்பு ஆகியவையும் உண்டு. ஆறாத புண்ணோ கட்டியோ மூன்று வாரத்திற்கு மேல் நின்றால், அரிதாகவேனும் புற்றுநோயாக இருக்கக்கூடும், அதையும் காட்டிவிடவேண்டும்.

டியூப்பின் மாயம்

"மூன்று நாளில் அரிப்பு நின்றதே, அப்படியானால் அது நல்ல மருந்துதானே?" என்று கேட்கலாம். நம்மவர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் களிம்புகள் பலவற்றில் காளான் மருந்து, கிருமி மருந்து, அவற்றோடு பலத்த ஸ்டீராய்டு மருந்து ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். ஆனால் காளானை எதிர்க்கும் உடலின் சக்தியையும் சேர்த்தே அடக்கும். மேலே அமைதி; கீழே படை விரிகிறது. விளிம்பு மங்கி உருமாறிப் போவதால், பிறகு பார்க்கும் டாக்டருக்கும் அடையாளம் காண்பது கடினமாகிறது. முன்சொன்ன கல்லா உதாரணம் இதற்கு அப்படியே பொருந்தும்.

பெல்ட்மன், மைபாக் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே கூறவேண்டும். ஒரே ஸ்டீராய்டு மருந்தை உடம்பின் பல இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே இறங்குகிறதென்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தோடு ஒப்பிட்டால் விரைப்பைத் தோல் 42 மடங்கு உறிஞ்சியது. கைக்குத் தடவும் களிம்பை அங்கே தடவினால் என்ன ஆகும் என்பதை இந்த எண்ணே சொல்லும். தோல் மெலிதல், நிலையான சிவப்பு, எரிச்சல், தொடையில் அழியாத கோடுகள் ஆகியவை இதன் விளைவு. டாக்டர் பார்த்து, வலிமை குறைந்த ஸ்டீராய்டை, குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்குக் கொடுப்பது வேறு சங்கதி. அதில் அச்சமில்லை.

இன்னொரு கெடுதியும் வந்து சேர்ந்திருக்கிறது. டெர்பினாபின் என்னும் நல்ல படை மருந்துக்குப் பல சமயம் அசையாத ஒரு புதுவகைக் காளான் இந்தியாவில் பெருவாரியாகப் பரவியுள்ளது. 2020-இல் அதற்கு 'டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயரிட்டார்கள். இப்போது வேறு பல நாடுகளிலும் காணப்படுகிறது. ஆகவே ஊருக்குப் போய் வந்தபின் தோன்றிய, மருந்துக்கு அடங்காத படை என்றால் அந்தப் பிரயாணத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் எப்படி ஆராய்வார்?

அங்கே என்ன நடக்குமோ என்ற பயமே பலரைத் தடுப்பதால், நடப்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் கேள்விகள். எத்தனை நாளாக? எந்த இடத்தில் தொடங்கியது? இரவில் அதிகமா? வீட்டிலோ விடுதியிலோ வேறு யாருக்கேனும் அரிப்பு உண்டா? என்னென்ன தடவினீர்கள்? என்ன மாத்திரை உண்கிறீர்கள்? சர்க்கரை உண்டா? அதிகத் தாகமும், இரவில் அடிக்கடி மூத்திரமும் உண்டா? மூத்திரத்தில் எரிச்சலோ சீழோ உண்டா? பாலுறவு பற்றியும் கேட்பார். அதனால் நம்மைச் சந்தேகிக்கிறார் என்று முகம் சுளிக்க வேண்டாம். சரக்கு வாங்க வருபவர் யாராயிருந்தாலும் அளவு கேட்கிறோமல்லவா? அதுபோல எல்லாரிடமும் கேட்பது முறை. மெய்யைச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைப் பிறரிடம் வெளியிடாமலிருப்பது டாக்டரின் தொழில் ஒழுக்கம்.

அடுத்து, பார்வையிடுதல். நல்ல வெளிச்சத்தில் அவ்விடத்தையும், தொடை இடுக்கில் நெறிகட்டியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். கை விரலிடுக்கு, நகம், வாய், கால்விரல் ஆகியவற்றையும் பார்க்கக்கூடும். சில நிமிஷ வேலை. ஆண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை.

பிறகு தேவைக்கேற்பச் சோதனை. படை என்று தோன்றினால் விளிம்பில் செதிலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்ப்பார்கள், வலியிராது. நீரிழிவுக்கு இரத்தம். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேலிருந்தால் நீரிழிவு என்று கொள்வர். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு மறுபடியும் ஒருமுறை பார்த்து உறுதி செய்வர். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையும் உண்டு. வெட்டை, கிளமிடியாவுக்கு, முதலில் வரும் மூத்திரத்தைச் சிறிதளவு பிடித்துக் கொடுத்தால் போதும்; அதற்குமுன் ஒரு மணி நேரமாவது மூத்திரம் போகாமலிருக்கவேண்டும். கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம். ஒவ்வாமை என்று தோன்றினால் முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அரிதாக, சந்தேகமான புண்ணில் சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதிப்பார்கள்.

போகுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். இதுவரை தடவிய எல்லா டியூப்களையும், உண்ணும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். அன்றைய தினம் அவ்விடத்தில் எதையும் பூசாதீர்கள். எங்கே செல்வது என்றால், பழகிய குடும்ப டாக்டரே முதற்படி. மலேசியாவில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளும், சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களும் உண்டு. தேவையானால் தோல் நிபுணரிடம் அவர்களே எழுதி அனுப்புவார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

அரிப்பு பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் பின்வருவன கண்டால் மறுநாள் என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். விரைப்பையோ அதன் அடியிலுள்ள பகுதியோ திடீரென வீங்கி, தாங்கமுடியாத வலி, காய்ச்சல், தோல் கறுத்தல், துர்நாற்றம் இவை சேர்ந்தால் அது சதையை அழுகச் செய்யும் கொடிய தொற்றாக இருக்கலாம். நீரிழிவுள்ளவர்களுக்கே அதிகம் வருவது, மணிக்கணக்கில் பரவுவது. மாத்திரை உண்டபின் மறைவிடத்தோடு வாயும் கண்ணும் புண்ணாகிக் காய்ச்சல் வந்தாலும், மூத்திரம் அடைத்துக்கொண்டாலும் அவ்வாறே.

நாம் செய்யவேண்டியவை

நாளைக்கு ஒரு முறை குளிக்கையில் மிருதுவான சோப்பை மிதமாக வழித்துக் கழுவினால் போதும். மற்ற வேளைகளில் தண்ணீர் மட்டும். கழுவியபின் தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். காலுக்கு வேறு துண்டு, அரைக்கு வேறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுப்புண் உள்ளவர்கள் காலுறையை முதலில் அணிந்து, பிறகு உள்ளாடையை அணியவேண்டும். காலின் கிருமி மேலேறாது. தளர்ந்த பருத்தி உள்ளாடை நல்லது. வியர்த்தால் பகலில் ஒரு முறை மாற்றுங்கள். வீட்டிற்கு வந்தால் கைலி உடுத்தும் நம் வழக்கம் இவ்விஷயத்தில் மிகச் சிறந்தது.

படை என்று டாக்டர் உறுதி செய்து மருந்து கொடுத்தால், அரிப்பு நின்றவுடன் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் வரை, தோல் தெளிந்தபின்னும் ஒன்றிரண்டு வாரம் தடவவேண்டும். காலில் படை இருந்தால் அதற்கும் சேர்த்துத் தடவவேண்டும். இல்லையேல் வேரை விட்டு இலையைக் கிள்ளியதாகும்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் வாசகர்களில் பலர் பத்துப் பேருக்குச் சோறு போடும் முதலாளிகள். உங்கள் கடைப் பையன்களில் ஒருவனுக்குச் சொறி என்று டாக்டர் சொன்னால், அவனை மட்டும் ஒதுக்கி வைப்பதால் பயனில்லை. ஓர் அறையில் உறங்கும் எல்லாரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். வழக்கமாகக் கொடுக்கப்படும் 5 சதவிகிதப் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசவேண்டும். அன்றே பாய், போர்வை, கைலி யாவையும் வெந்நீரில் துவைக்கவேண்டும். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் ஒதுக்கி வைக்கலாம். உண்ணி செத்தபின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கக்கூடும். அதைக் கண்டு மருந்து கேட்கவில்லை என்று எண்ணவேண்டாம்.

ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்த பையன் தன் அறைத் தோழனிடம்கூட இத்தொல்லையைச் சொல்லமாட்டான். "தம்பி, உடம்புக்கு என்ன? வெட்கப்படாதே, டாக்டரிடம் போய் வா" என்று நீங்களே கேட்டு, அரை நாள் விடுப்பும் கிளினிக் செலவும் கொடுத்தால், அது அவனுக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல, கடைக்கும் அதுவே இலாபம்.

நம் உதாரணக் கடைக்காரரின் கதையில் குற்றவாளி யார்? காளானா, களிம்பா, சர்க்கரையா? இம்மூன்றும் பிறகு வந்தவை. எட்டு மாதத்தைத் தின்றது, உண்மையான இடத்தைச் சொல்ல எழாத அந்த நாக்கு. சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசாத வியாபாரிகள் நாம். நம் உடம்பின் விஷயத்திலும், பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டி, காரணம் இன்னதென்று அறிந்து, அதன்பின் மருந்திடுவோம். இப்பாடத்தைப் படித்தபின் ஒரேயொரு சகோதரராவது இவ்வாரம் டாக்டரின் கதவைத் தட்டுவாரானால், கூச்சத்தை விட்டு எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.